பெயர் கிடைத்தது... குச்சி யாருக்கு?

கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது. ஆனால் பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தங்களின் அறிவுசார் சொத்துரிமைப் பக்கங்களில் பெயரை மட்டும் பேசுவதில்லை. விவசாயியின் கையில் இருக்கும் விதையையும் நாற்றையும் வைத்தும் பேரம் நடக்கிறது.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற வழி நெடுகத் திராட்சைத் தோட்டங்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டிய பந்தல்கள். ஒரு தோட்டத்தில் பச்சைப் பிஞ்சு, அடுத்ததில் கறுத்துப் பழுத்த குலை, அதற்கடுத்ததில் கவாத்து முடிந்து மொட்டையாக நிற்கும் கொடி. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் இந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க அறுப்பு உண்டு. வேறெங்கும் சந்தைக்குப் பழம் வராத மாதத்திலும் இங்கிருந்து பெட்டி கிளம்பும்.

கவாத்து நடக்கும் தோட்டத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். வெட்டி விழுவதையெல்லாம் குப்பையில் தள்ளிவிட மாட்டார்கள். நன்கு முற்றி, பழுப்பேறி, பென்சில் பருமனுக்கு இருக்கும் குச்சிகளைத் தனியாக ஒதுக்குவார்கள். நான்கு கணு இருக்கும்படி நறுக்கி, கட்டாகக் கட்டி, நாற்றங்காலில் ஊன்றி வைத்தால் வேர் பிடிக்கும். பிறகு எடுத்து நட வேண்டியதுதான். புதிதாகப் பந்தல் போடுகிறவர், “அண்ணே, கவாத்து முடிஞ்சதும் நமக்கும் ஒரு கட்டு எடுத்து வைங்க” என்று சொல்லி வைத்தால் போதும். உறவும் பழக்கமும் பார்த்துக் குச்சி கை மாறும். சில நேரம் காசுக்கும் கை மாறும். எந்த ரசீதும் கிடையாது, எந்த உரிமமும் கிடையாது.

இப்படிக் கை மாறிய குச்சிகளால்தான் கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைச் சீமையானது. அந்தக் கை மாற்றத்துக்குச் சட்டத்தில் இன்று பாதுகாப்பு இருக்கிறது. அது நாளையும் இருக்குமா என்பது கம்பத்திலோ தேனியிலோ முடிவாகிற விஷயமாக இல்லை. அதை முடிவு செய்யும் இடம், வர்த்தக ஒப்பந்தங்கள் எழுதப்படும் மேசை.

வந்த கொடி

பன்னீர் திராட்சை இந்த மண்ணில் முளைத்ததல்ல. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. தோட்டக்கலை நூல்களில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா என்ற பழைய ரகமும் மற்றொரு ஐரோப்பியக் கறுப்பு ரகமும் சேர்ந்து பிறந்தது. கப்பல் ஏறி வந்த அந்தக் கொடியை இந்த ஊர்க்காரர்கள் தங்கள் செம்மண்ணுக்கும், மலைக்காற்றுக்கும், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்கும் பழக்கினார்கள். எப்போது வெட்டினால் எப்போது காய்க்கும், எந்த மழைக்கு எந்த நோய் வரும், குலையில் எத்தனை காயை விட வேண்டும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு. தமிழகத்தில் விளையும் பன்னீர் திராட்சையில் ஏறத்தாழ 85 சதவீதம் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவதாகக் கணக்கு.

இந்த அறிவுக்கும் மண்ணுக்கும் கிடைத்த அங்கீகாரம்தான் 2023-ல் வந்த புவிசார் குறியீடு. ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்ற பெயரை இனி இந்தப் பகுதிக்கு வெளியே விளைந்த பழத்தின் மேல் ஒட்டி விற்கக் கூடாது. இந்த உரிமை தனி ஆளுக்கோ ஒரு கம்பெனிக்கோ உரியதல்ல. விளைவிக்கும் எல்லோருக்கும் பொதுவானது. விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், காலமெல்லாம் நிற்கும். அறிவுசார் சொத்துரிமைகளில் ஊருக்கு இவ்வளவு பொருந்துவது வேறில்லை.

ஆனால் அது எதைக் காக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். புவிசார் குறியீடு காப்பது பெயரை. கொடியை அல்ல. நாசிக்கில் ஒருவர் மஸ்கட் ஹாம்பர்க் கொடியை நட்டுப் பழம் பறித்துப் பன்னீர் திராட்சை என்று விற்றால் இந்தப் பதிவு அதைத் தடுக்காது. ‘கம்பம்’ என்று போட்டால்தான் தடுக்கும். அதே போல, நாளை புதிய ரகத்துடன் ஒரு கம்பெனி இங்கே வந்து, குச்சியைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டால், அதற்கும் புவிசார் குறியீட்டில் பதில் இல்லை. அதற்கான பதில் வேறொரு சட்டத்தில் இருக்கிறது.

ஒயினுக்கு ஒரு நீதி, பழத்துக்கு ஒரு நீதி

இரண்டு சட்டங்களுக்கும் மூலம் ஒன்றுதான். 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, அதனோடு ‘டிரிப்ஸ்’ என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமும் வந்தது. அதுவரை காப்புரிமையும் வணிகக்குறியும் பெரும்பாலும் அந்தந்த நாட்டின் உள்விவகாரம். டிரிப்ஸுக்குப் பிறகு அவை வர்த்தகத்தின் நிபந்தனையாகிவிட்டன. உன் சட்டம் சரியில்லை என்றால் உன் சரக்குக்கு வரி போடுவேன் என்று ஒரு நாடு இன்னொரு நாட்டை மடக்க வழி திறந்தது.

அந்த ஒப்பந்தத்தின் 22-ம் பிரிவு புவிசார் குறியீடுகளுக்குப் பொதுவான பாதுகாப்பைத் தருகிறது. 23-ம் பிரிவு ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் மட்டும் கூடுதல் பாதுகாப்பைத் தருகிறது. இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஒயினாக இருந்தால், ‘இன்ன ஊர் பாணி’, ‘இன்ன ஊர் வகை’ என்று போடுவதுகூடக் கூடாது. வாங்குகிறவர் ஏமாந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. பழமோ, தேயிலையோ, அரிசியோ என்றால், மக்கள் தவறாக வழிநடத்தப்பட்டார்கள் என்றோ நியாயமற்ற போட்டி நடந்தது என்றோ காட்ட வேண்டும். கம்பத்துத் திராட்சை பழமாகக் கூடையில் இருக்கும்வரை அதற்கு இரண்டாம் தரப் பாதுகாப்பு. பிழிந்து புளிக்க வைத்து ஒயினாக்கி, அந்த ஒயினுக்குத் தனிப் பதிவு வாங்கினால் முதல் தரப் பாதுகாப்பு. ஐரோப்பாவின் ஒயின் நாடுகள் பேரத்தில் வாங்கிய சலுகை இது. எல்லாப் பொருளுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும் என்று இந்தியாவும் வேறு பல நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. தோஹா சுற்றுப் பேச்சு 2001-ல் தொடங்கியது. இன்னும் முடிவில்லை.

சொந்த நாட்டில் பாதுகாக்கப்படாத குறியீட்டை மற்ற நாடுகள் பாதுகாக்க வேண்டியதில்லை என்றும் டிரிப்ஸ் சொல்கிறது. ஆகவே நமக்கென்று ஒரு சட்டம் தேவைப்பட்டது. அந்த நேரத்தில் நாடு சூடுபட்டும் இருந்தது. 1995-ல் அமெரிக்காவில் மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் எதிர்த்துப் போராடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அதே 1997-ல் ரைஸ்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் பாஸ்மதி ரக நெல்லுக்கு 20 உரிமைக் கோரிக்கைகளோடு காப்புரிமை வாங்கியது. இந்தியா எதிர்த்த பிறகு 2001-ல் ஐந்து கோரிக்கைகள் மட்டுமே மிஞ்சின. இந்தப் பின்னணியில் 1999-ல் புவிசார் குறியீடு சட்டம் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15-ல் அமலுக்கு வந்தது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலைக்கு, 2004-ல்.

கடல் தாண்டாத பெயர்

புவிசார் குறியீடு நாட்டு எல்லையோடு நின்றுவிடும். கிண்டியில் பதிவான பெயருக்குத் துபாயில் தானாகப் பாதுகாப்புக் கிடைக்காது. ஒவ்வொரு நாட்டிலும் அந்த நாட்டுச் சட்டப்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும், வழக்கறிஞர் வைக்க வேண்டும், எதிர்ப்பு வந்தால் வாதாட வேண்டும். ஒன்றிய அரசே பின்னால் நிற்கும் பாஸ்மதிக்கே இது எளிதாக இல்லை. பாகிஸ்தானிலும் விளைகிறது என்ற காரணத்தால் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இந்தியாவின் விண்ணப்பத்தை ஏற்க மறுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-ல் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பாகிஸ்தானின் எதிர்ப்பு வந்தது. பாஸ்மதிக்கே இந்தப் பாடு என்றால், சின்ன விவசாயிகள் விளைவிக்கும் பொருளுக்கு என்ன வழி?

வர்த்தக ஒப்பந்தம் நமக்கு உதவக்கூடிய இடம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2021 மார்ச் 1-ல் அமலுக்கு வந்தபோது, இரு தரப்பிலும் தலா 100 பெயர்கள் ஒரே நாளில் பாதுகாப்புப் பெற்றன. ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக அலைய வேண்டியிருக்கவில்லை. இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2022-ல் பேச்சைத் திரும்பத் தொடங்கியபோது, புவிசார் குறியீட்டுக்கென்றே தனி ஒப்பந்தம் பேச முடிவெடுத்தன. அப்படி ஒரு பட்டியல் போடும்போது தேனி மாவட்டத்துக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி, நம் பொருளில் எது அதில் இடம்பெற வேண்டும் என்பது.

பன்னீர் திராட்சை மெல்லிய தோல் கொண்டது. பறித்த சில நாளில் விற்றாக வேண்டும். மதுரையும் சென்னையும் கேரளமும்தான் அதன் சந்தை. கடல் கடக்கும் நம் பொருள் ஏலக்காய். இடுக்கி மலையில் விளைந்து, மலையிறங்கிப் போடிநாயக்கனூருக்கு வருகிற ஏலக்காய். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கி புற்றடியிலும் நடக்கிறது. தரம் பிரிப்பது, சலிப்பது, மூட்டை பிடிப்பது என்று போடியில் ஏலக்காயை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ‘ஆலப்புழை பச்சை ஏலக்காய்’ என்ற பெயருக்கு 2007-08-லேயே இந்தியாவில் புவிசார் குறியீடு உண்டு. வளைகுடா நாடுகளில் காவா காய்ச்சும் வீடுகளில் அந்தப் பெயருக்கு மதிப்பும் உண்டு. அங்கே அதற்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கித் தருவதுதான் வர்த்தகப் பேச்சு நடத்துகிறவர்கள் போடிக்குச் செய்யக்கூடிய உருப்படியான உதவி.

போன செடி

வளைகுடாச் சந்தையில் போடி ஏலக்காயின் போட்டியாளர் குவாத்தமாலா. உலகிலேயே அதிகம் ஏலக்காய் விளைவிப்பதும் விற்பதும் மத்திய அமெரிக்காவில் உள்ள இந்தச் சின்ன நாடுதான். அங்கே ஏலக்காய் இயற்கையாக இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓஸ்கார் மாஜுஸ் குளோஃபர் என்ற ஜெர்மானியத் தோட்ட முதலாளி நம் பக்கத்துச் செடியைக் கொண்டுபோய் ஆல்டா வெராபாஸ் மலைகளில் நட்டார். அங்கே இன்று அதை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் மாயா இனத்தைச் சேர்ந்த சிறு விவசாயிகள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு யாரும் ஒரு காசு கொடுக்கவில்லை. நாமும் பன்னீர் திராட்சைக்காக ஐரோப்பாவுக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. கொடி வந்தது, செடி போனது. பயிர்களின் வரலாறு முழுவதும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

மலைக்கு இந்தப் பக்கமும் அதே கதை உண்டு. இடுக்கி கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி, தன் தோட்டத்தில் அதிகம் காய்த்த செடிகளை ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்து ‘ஞள்ளானி’ என்ற ஏலக்காய் ரகத்தை உருவாக்கினார். விளைச்சல் பல மடங்கு கூடியது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் பக்கக் கன்றுகளை எடுத்துப் போய் நட்டார்கள். சில ஆண்டுகளில் இடுக்கி மலையின் பெரும்பகுதி ஞள்ளானியாகிவிட்டது. போடி ஏல மையத்துக்கு வரும் காயின் வளம் பெரும்பாலும் அந்த ஒரு மனிதரின் கண்ணுக்கும் பொறுமைக்கும் பிறந்தது. உருவாக்கியவருக்கு உரிய பங்கு வர அன்றைக்குச் சட்டமே இல்லை என்பது உண்மையான குறை. அதே ரகம் பூட்டு போட்டு வைக்கப்பட்டிருந்தால் சிறு தோட்டக்காரர் கைக்கு அவ்வளவு வேகமாக வந்திருக்காது என்பதும் உண்மை. கண்டுபிடித்தவருக்குக் கூலியும் வேண்டும், விவசாயிக்குக் கன்றும் வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுக்கும் சட்டம்தான் நல்ல சட்டம்.

குவாத்தமாலாவுக்கு அப்படிப்பட்ட சட்டம் வாய்க்கவில்லை. அமெரிக்காவோடு மத்திய அமெரிக்க நாடுகள் செய்துகொண்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2006-ல் அங்கே அமலுக்கு வந்தது. ‘யூபோவ் 1991’ என்ற பன்னாட்டுப் பயிர் ரக உடன்படிக்கையில் சேர வேண்டும் என்பது அதில் இருந்த நிபந்தனைகளில் ஒன்று. அதை நிறைவேற்ற 2014 ஜூனில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பதிவான ரகத்தை அனுமதியில்லாமல் பெருக்கினால் ஒன்று முதல் நான்கு ஆண்டு வரை சிறை என்றது அது. மக்காச்சோள விதையை வீட்டுப் பரணில் சேர்த்து வைத்து, உறவுக்கும் ஊருக்கும் கொடுத்துப் பழகிய மாயா மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. அரசியல் சாசன நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. செப்டம்பர் முதல் வாரத்தில், அமலுக்கு வருவதற்கு முன்பே, நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சந்தையில் நமக்குப் போட்டியாக நிற்கும் ஏலக்காய் விவசாயி, விதை விஷயத்தில் நமக்கு முன்னால் நின்று போராடியிருக்கிறார்.

பிரிவு 39

இந்தியா யூபோவ் உடன்படிக்கையில் சேரவில்லை. டிரிப்ஸின் 27.3(ஆ) பிரிவு, தாவரங்களுக்குக் காப்புரிமை கொடுக்காமல் இருக்க நாடுகளை அனுமதிக்கிறது. ஆனால் பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை மூலமாகவோ, அந்தந்த நாடு தானே வகுத்த சிறப்புச் சட்டம் மூலமாகவோ பாதுகாப்புத் தர வேண்டும் என்கிறது. நம் நாடு இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. அப்படிப் பிறந்ததுதான் 2001-ன் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம். தலைப்பிலேயே விவசாயி இருக்கும் சட்டம்.

அதன் 39-வது பிரிவைக் கம்பம் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு விவசாயியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிர்ந்துகொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பதிவு பெற்ற பெயரை அச்சிட்டுப் பொட்டலம் போட்டு விற்கக் கூடாது என்பதுதான் ஒரே தடை. இந்தச் சட்டத்தில் ‘விதை’ என்றால் நெல்மணி மட்டுமல்ல. நட்டால் முளைக்கும் கிழங்கும் கன்றும் குச்சியும் அதில் அடக்கம். கவாத்தில் ஒதுக்கிய அந்தக் கட்டுக்கும் இதே பாதுகாப்புதான். விற்ற நாற்று சொன்னபடி விளையவில்லை என்றால் இழப்பீடு கேட்கவும், தெரியாமல் மீறிவிட்ட விவசாயியைத் தண்டனையிலிருந்து காக்கவும் இதே சட்டத்தில் வழி இருக்கிறது.

யூபோவ் 1991 இதற்கு நேர்மாறு. ரகத்தை உருவாக்கியவரின் அனுமதியில்லாமல் பெருக்கவோ விற்கவோ கூடாது என்பது அங்கே பொது விதி. விவசாயி தன் விதையைத் தன் நிலத்தில் மறுபடி விதைக்க ஒரு நாடு விரும்பினால் அனுமதிக்கலாம். அதுவும் உரிமையாளரின் நலனுக்குப் பாதகம் இல்லாத அளவுக்கு மட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பதற்கு இடமில்லை. கொடிகளுக்கும் மரங்களுக்கும் நம் சட்டம் 18 ஆண்டு பாதுகாப்புத் தருகிறது. யூபோவ் 1991 குறைந்தது 25 ஆண்டு கேட்கிறது. ஒரு திராட்சைப் பந்தலின் ஆயுள் முழுதும் அதற்குள் முடிந்துவிடும்.

இந்த உடன்படிக்கையை நாடுகளின் மேல் ஏற்றும் வண்டி வர்த்தக ஒப்பந்தம்தான். ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் இருக்கும் பசிபிக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் சேர்கிற நாடு யூபோவ் 1991-ல் சேர வேண்டும் என்பது நிபந்தனை. ஆர்செப் எனப்பட்ட ஆசிய வட்டார ஒப்பந்தப் பேச்சில் ஜப்பானும் தென்கொரியாவும் அதையே கேட்டது, கசிந்த வரைவுகள் மூலம் தெரியவந்தது. இந்தியா அந்தப் பேச்சிலிருந்து 2019 நவம்பர் 4 அன்று விலகியது. விலகலுக்குப் பால், தொழில் இறக்குமதி என்று பல காரணங்கள் இருந்தன. 39-வது பிரிவும் அதனால் தப்பியது. ஆனால் பேச்சுகள் நிற்கவில்லை. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் அடங்கிய நான்கு நாட்டுக் கூட்டமைப்போடு 2024 மார்ச் 10-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2025 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது. ஒவ்வொன்றிலும் அறிவுசார் சொத்துரிமைக்குத் தனி அத்தியாயம் உண்டு. இதே நான்கு நாட்டுக் கூட்டமைப்பு மற்ற ஆசிய நாடுகளிடம் பேசியபோது யூபோவ் 1991-ஐ வைத்து அழுத்தம் கொடுத்த வரலாறும் உண்டு.

உருளைக்கிழங்கு சொன்ன பாடம்

39-வது பிரிவு இருந்தும் விவசாயி நிம்மதியாக இருக்க முடியவில்லை என்பதைக் குஜராத் காட்டியது. சிப்ஸுக்கான எஃப்எல் 2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்தைப் பெப்சிகோ நிறுவனம் 2016-ல் பதிவு செய்திருந்தது. அந்த ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாகச் சொல்லி, 2019-ல் விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது. சிலரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. சில ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஒரு கோடி! நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும் சில வாரங்களில் வழக்குகளைத் திரும்பப் பெற்றது.

விவசாயிகள் உரிமைக்காகப் பாடுபடும் கவிதா குருகண்டி அந்தப் பதிவையே ரத்து செய்யக் கோரி மனுக் கொடுத்தார். 2021 டிசம்பரில் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் பதிவை ரத்து செய்தது. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றிப் பதிவை மீட்டுக் கொடுத்தது. பதிவு விஷயத்தில் கம்பெனி ஜெயித்தாலும், 39-வது பிரிவு அப்படியே இருக்கிறது. அது இல்லாதிருந்தால் அந்த விவசாயிகள் எதைச் சொல்லி நின்றிருப்பார்கள்? சட்டத்தில் ஒரு வரி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள தூரம் அதுதான்.

புதிய ரகம் வேண்டாமா?

வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. உலகத் திராட்சைச் சந்தை வேகமாக மாறிவிட்டது. பெருவும் சிலியும் தென்னாப்பிரிக்காவும் விதையில்லாத, கெட்டித் தோலுள்ள, கப்பலில் வாரக்கணக்கில் தாங்கும் புதிய ரகங்களை அனுப்புகின்றன. அந்த ரகங்களை உருவாக்கப் பத்துப் பதினைந்து ஆண்டும் பெரும் பணமும் ஆகிறது. போட்ட பணம் திரும்ப வரும் என்ற உறுதி இல்லாமல் தனியார் யாரும் தங்கள் ரகத்தை இங்கே அனுப்ப மாட்டார்கள். நாசிக்கில் விவசாயிகளே நடத்தும் சஹ்யாத்ரி ஃபார்ம்ஸ், வெளிநாட்டு ‘அர்ரா’ ரகங்களுக்கு உரிமம் வாங்கித் தன் உறுப்பினர்களுக்குக் கொடுத்திருக்கிறது. விவசாயிகள் ஒன்று சேர்ந்து, கணக்குப் பார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்குவதில் தவறே இல்லை. 39-வது பிரிவு இருக்கும் நாட்டில்தான் அதுவும் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விவசாயியின் உரிமையைப் பறித்தால்தான் நல்ல ரகம் வரும் என்ற வாதம் நாசிக்கில் பொய்த்துவிட்டது.

இன்னொரு வழியும் நம்மிடமே இருக்கிறது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. பொது மக்கள் வரிப்பணத்தில் உருவாகும் ரகத்துக்கு விவசாயியிடம் உரிமத் தொகை கேட்க வேண்டியதில்லை. குச்சி யார் கைக்கு வேண்டுமானாலும் போகலாம். பன்னீரின் மணமும் நிறமும் குறையாமல், தோல் மட்டும் கொஞ்சம் தாங்குகிற ஒரு கொடி இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தால், அது கப்பலேறும். அதற்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆளும் பணமும் வேண்டும். வர்த்தக ஒப்பந்தத்தால் லாபம் வரும் என்று சொல்கிற அரசு, அந்த லாபத்தில் ஒரு பங்கை இங்கே போட வேண்டும்.

யார் கையெழுத்து?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பார்த்தால், வெளிநாட்டு ஒப்பந்தங்கள் ஒன்றியப் பட்டியலில் 14-வது இனம். விவசாயம் மாநிலப் பட்டியலில் 14-வது இனம். ஒப்பந்தம் போடும் அதிகாரம் டெல்லிக்கு; அதன் பலன் விழும் வயல் மாநிலத்துக்கு. இடையில் கேள்வி கேட்கும் இடம் எது? ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. வரைவு முன்கூட்டியே வெளிவருவதும் இல்லை. இந்தியாவோடு பேசும்போது ஐரோப்பிய ஒன்றியம் தன் முன்மொழிவுகளைப் பொதுவில் வைத்தது. நம் தரப்பு என்ன கேட்கிறது, எதைக் கொடுக்கிறது என்பது கையெழுத்தான பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

தூரத்தில் போடும் கையெழுத்து வயலில் என்ன செய்யும் என்று தேனி மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் நடந்த பெரியாறு குத்தகை 999 ஆண்டுக்கு எழுதப்பட்டது. அந்த எழுத்தால் இந்தப் பள்ளத்தாக்கு பிழைத்தது; அந்த எழுத்தின் பொருளுக்காக இன்றுவரை நீதிமன்ற வாசலில் நிற்கிறது. ஒரு வரி சரியாக அமைந்தால் ஐந்து தலைமுறை சோறு தின்னும், தவறினால் ஐந்து தலைமுறை வழக்காடும் என்பதைக் கண்ணால் கண்ட ஊர் இது. விதை விஷயத்தில் இந்த ஊர் பேசாமல் இருந்தால் வேறு எந்த ஊர் பேசும்?

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. முதலாவது, கம்பம் பன்னீர் திராட்சையை விளைவிக்கும் ஒவ்வொருவரும் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பெயர் சேர்க்க வேண்டும். 500 ரூபாயாக இருந்த கட்டணம் 2020-ல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பெயரைப் பயன்படுத்துவோர் பட்டியல் காலியாக இருந்தால், பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டும் படமாகவே இருக்கும். இரண்டாவது, மலையிலும் அடிவாரத்திலும் விவசாயிகள் தாங்களே தேர்ந்தெடுத்துக் காத்துவரும் ரகங்களைப் பயிர் ரக ஆணையத்தில் விவசாயி ரகமாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு விவசாயியிடம் கட்டணம் கிடையாது. இன்னொரு ஞள்ளானி பிறந்தால், அதை உருவாக்கியவர் வெறும் பாராட்டோடு வீடு திரும்பக் கூடாது.

மூன்றாவது, தமிழக அரசு செய்ய வேண்டியது. எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் 39-வது பிரிவைத் தொடும் ஒரு வரியும் இருக்கக் கூடாது என்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அரசுக்கு அனுப்ப வேண்டும். புவிசார் குறியீட்டுப் பட்டியல் தயாராகும்போது நம் மாநிலப் பெயர்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தின் வரைவை, கையெழுத்துக்கு முன்பே, மாநில மொழிகளில் வெளியிடச் சொல்ல வேண்டும். விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கும்வரை இதைக் கேட்பது மாநிலத்தின் உரிமை, கடமையும்கூட.

வர்த்தகம் வேண்டாம் என்று இந்தப் பள்ளத்தாக்கு ஒருநாளும் சொன்னதில்லை. போடி வியாபாரிகள் வளைகுடாவோடு பல தலைமுறையாக வியாபாரம் செய்தவர்கள்; தேனியின் ஜி9 வாழை இன்று கப்பலேறுகிறது. நல்ல ஒப்பந்தம் வந்தால் முதலில் மகிழ்கிறவர்கள் இந்த மக்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் வரிச்சலுகைக்கு விலையாக விதையுரிமையைக் கொடுப்பது, வட்டி கட்டுவதற்காக நிலத்தையே விற்பதற்குச் சமம். வரிச்சலுகையை இன்னொரு அரசு வந்து திரும்பப் பேசிக்கொள்ளலாம். யூபோவ் 1991-ல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பின்வாங்கினால் மொத்த ஒப்பந்தத்தையே இழக்க நேரலாம். ஆகவே பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்பு. பெயரைக் காக்கத் தெரிந்த நாம் குச்சியையும் காக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கம்பம் பன்னீர் திராட்சை முழுமையாக நம்முடையது.